மாதக் கடைசி டேப்

ஒரகடத்தில் நான் முதன்முதலாக வேலை பார்த்த, வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி கை மாறிய செய்தியை எனக்குச் சொன்னவன் என் நண்பன். சங்கரன்கோவிலிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, பிள்ளைப்பாக்கத்தில் ஒரே அறையில் பாய் விரித்தவர்கள் நாங்கள். அவன் இன்று அந்தக் கம்பெனியில் தரப்பிரிவு மேனேஜர். நான் எப்போதோ அங்கிருந்து வெளியேறி, தண்டலத்தில் கடை வைத்திருக்கிறேன். செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து கல்யாண போட்டோக்களையும் காலேஜ் பிராஜெக்ட்டுகளையும் மீட்டுக் கொடுப்பது என் பிழைப்பு.

அங்கே சரக்கு வாங்கும் வண்டி கம்பெனிக்காரர்கள் ஒரு பிரேக் பாகத்தைக் காட்டி, இந்த அளவு மாற்றத்துக்கு நாங்கள் ஒப்புதலே தரவில்லை என்று மல்லுக்கு நிற்கிறார்களாம். ஒப்புதல் பழைய மெயிலில் வந்திருக்கிறது. அந்த மெயில் சர்வரையோ எப்போதோ காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அதை அமைத்தவர் வளைகுடாவுக்குப் போனவர், இருக்கும் இடம் தெரியவில்லை. மிஞ்சியது, சர்வரில் இருந்ததை அவ்வப்போது நகலெடுத்து வைத்த பேக்கப் டேப்புகள், ஒரு அட்டைப்பெட்டி நிறைய.

"ஒன்ன விட்டா வேற யார்ட்டல போவேன் மாப்ள" என்றான் நண்பன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பெட்டியை எடுத்துக் கொடுத்த கம்பெனி ஸ்டோர்க்காரர் உள்ளூர் ஆள். "இன்னாபா இது, பாட்டு கேசட்டா? ரொம்ப நாளா இங்கதான் கீது" என்றார். எனக்கும் அவரைவிட அதிகமாக ஒன்றும் தெரியாது. எந்த மென்பொருள் எழுதியது, பூட்டு போட்டிருக்கிறதா, எந்தச் சர்வர், எதற்கும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. டேப்புகளின் முதுகில் கிழமைப் பெயர்கள் மட்டும் இருந்தன. சிலவற்றில் மட்டும் "மாதக் கடைசி" என்று எழுதியிருந்தது. திங்கள் டேப்பின் மேல் அடுத்த திங்கள் திரும்ப எழுதுவார்கள். மாதக் கடைசியைத் தொடமாட்டார்கள். ஆகவே, உயிர் எங்காவது இருக்குமானால் அவற்றில்தான்.

ரிச்சி தெருவில் பழைய டேப் டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். வாங்கி வந்த முதல் டிரைவ் டேப்பைத் துப்பியது. கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றிய இரண்டாவது, முனகிக்கொண்டே ஓடியது. என்ன இருக்கிறது என்று பார்க்காமல் முதலில் உள்ளதை உள்ளபடி டிஸ்க்கில் நகலெடுத்தேன். ஆராய்ச்சியெல்லாம் நகலில்தான். பழைய டேப் இன்னொரு தடவை ஓடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நகலின் தலைப்பகுதியைத் திறந்தால் குப்பை எழுத்துகளுக்கு நடுவே படிக்கக்கூடிய சொற்கள் தென்பட்டன. காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளை வைத்து அந்த மகராசன் கட்டிய சர்வர் அது. ஒவ்வொரு மெயிலும் ஒரு தனி ஃபைல். எங்கிருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும் என்று அன்று மனதார வாழ்த்தினேன்.

தேடிப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமே. எவனும் முதலில் தன் பெயரைத்தான் அடிப்பான். நானும் அடித்தேன். ஷிஃப்ட் ரிப்போர்ட்டுகள் வரிசையாக வந்தன. எல்லோருக்கும் நான் அனுப்பிய என் தங்கையின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அதற்குக் கீழே, மனிதவள அதிகாரியின் மெயில் பெட்டியில், என் ஐடியிலிருந்து போன ஒரு மெயில். தேதி, தங்கையின் கல்யாண நாள்.

அன்று நான் சங்கரன்கோவிலில் மண்டபத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். மெயில் அனுப்ப எனக்குக் கை ஏது, கம்ப்யூட்டர் ஏது? லீவில் இருந்தாலும் ஷிஃப்ட் ரிப்போர்ட் அவரவர் ஐடியிலிருந்துதான் போகவேண்டும் என்று அங்கே ஒரு கோணல் சட்டம். அதனால் ஒரே அறையில் இருப்பவர்கள் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போவோம், அறைச் சாவியைக் கொடுப்பதுபோல. கல்யாணத்துக்கு நண்பனும் வருவதாக இருந்தது. "நீ நிம்மதியாப் போயிட்டு வால, ரிப்போர்ட்ட நான் பாத்துக்கிடுதேன்" என்று தங்கிவிட்டான். எனக்காக விருந்தை விட்டவன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கொரியா பயிற்சிக்கு என்னால் போக இயலாது, வேறு யாருக்காவது வாய்ப்பைக் கொடுங்கள். மெயிலில் இருந்தது அவ்வளவுதான். பயிற்சிக்குப் பெயர் தேர்வு செய்கிறார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் பெயர்தான் முதலில் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. அதிகாரி பதில் போட்டிருந்தார்: உங்களைத்தான் முதலில் எழுதியிருக்கிறோம், அவசரப்படாதீர்கள், வெள்ளி வரை காத்திருக்கிறேன். வெள்ளியன்று, நான் ஊரிலிருந்து திரும்பும் முன்பே, என் ஐடியிலிருந்து மறுபடியும் பதில் போயிருக்கிறது. யோசித்துவிட்டேன், மாற்றமில்லை. என்னுடன் தங்கியிருப்பவர் கடுமையான உழைப்பாளி, நேர்மையானவர், அவரை அனுப்பலாம்.

முதல் மெயிலைச் சபலம் என்று விட்டுவிடலாம். நாள் கணக்கில் யோசித்துவிட்டு, என் பெயரில் தனக்கே நற்சான்றிதழ் எழுதியதை என்னவென்று சொல்வது?

பட்டியலில் அவன் பெயர் வந்த அன்று என்னைப் பிரியாணி கடைக்கு இழுத்துப் போனான். அந்த அதிகாரி ஆள் பார்த்துச் செய்கிறான் என்று எனக்காகக் கொதித்தான், கண்கூடக் கலங்கினான். நான்தான் அவனைத் தேற்றினேன். ஏர்போர்ட்டில் என் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்து வழியனுப்பினேன். அந்த அதிகாரியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு பாவமும் அறியாத மனிதர். கடைசியில் அவர் மேலிருந்த கோபத்தில்தான் வேலையையும் விட்டேன். கொரியா போனால் போகட்டும். அந்தப் பிரியாணியை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பிரேக் பாகத்தின் ஒப்புதல் மெயிலும் அதே டேப்பில் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் போட்டுவிட்டு அவனைக் கடைக்கு வரச் சொன்னேன். வாங்கி வைத்த டீயை அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

படித்தான். திரும்பவும் மேலிருந்து படித்தான்.

"இது எப்படில இன்னும் கெடக்கு? நான் அன்னைக்கே அழிச்சிட்டம்லா" என்றான்.

என் பெட்டியில்தான் அழித்திருக்கிறான். அதிகாரியின் பெட்டி அவன் கைக்கு எட்டவில்லை. அதை அவனுக்கு விளக்க எனக்கு மனமில்லை. அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, டிஸ்க்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். புது முதலாளிகள் எல்லாவற்றையும் படிப்பார்களா என்று கேட்டான். படிப்பார்கள் என்றேன்.

"இத மட்டும் எடுத்துரு மாப்ள. என் மானம் போயிரும்."

"மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்த சொல்லணும்னு ஒனக்குத் தோணலயால?"

"சரி, மன்னிச்சுக்க. இப்பம் எடுத்துருவியா?" என்று கேட்டான்.

எதையும் எடுக்காமல் டிஸ்க்கை அப்படியே உறையில் போட்டு அவன் கையில் கொடுத்தேன். மற்ற வாடிக்கையாளர்களிடம் வாங்குவதுபோல, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.