மணியின் காலடி வில்லைகள்

மணி முதன்முதலாக என்னிடம் காலைக் கொடுத்த அந்த மதியத்தை நான் மறக்கவில்லை. மழை விட்டு இரண்டு நாளாகியும் மூடுபனி விலகாத மார்கழி. நர்சம்மா தன் வீட்டுச் சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, மைதாவும் பொடியுப்பும் கலந்து பிசைந்த மாவைப் பாட்டிலால் தேய்த்து, டம்ளர் வாயால் வட்ட வில்லைகளாக வெட்டி வைத்திருந்தார். அதில் நாயின் கால் பதிய வேண்டும். காய்ந்ததும் சிவப்புச் சாயம் பூசி, நூல் கோத்து, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவார். மணியோ அவர் கைக்கு அகப்படாமல் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. முந்தின மாதம்தான் அவர் அதற்குத் தடுப்பூசி போட்டிருந்தார்.

“மூணு வேளையும் சோறு போடுற கை தெரியல. ஒரு ஊசி போட்ட கை மட்டும் தெரியுது. தம்பி, நீங்க கூப்பிட்டுப் பாருங்க.”

தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டு நின்றிருந்த நான், “வா சாமி” என்றேன். வந்தது. கேட்காமலே முன்னங்காலைத் தூக்கி என் கையில் வைத்தது. மாவில் மெல்ல அழுத்தி எடுத்தேன். நான்கு விரலும் நடுவில் ஒரு மெத்தையும் அச்சாக விழுந்திருந்தன. அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் காலைப் பிடிப்பது என் வேலையாகிவிட்டது.

மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் நான் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதோடு என் படிப்பு நின்றுபோனது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. நர்சம்மா தெற்கே கடலோரத்து ஊர்க்காரர், தனி ஆள். ஆஸ்பத்திரி வாசலில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை எடுத்து வளர்த்து, மணி என்று பெயர் வைத்திருந்தார். பகலில் அவர் வேலையில் இருக்கும்போது மணி என் பின்னால்தான் சுற்றும். என் மிளகுக் காட்டுக்கும் வரும். எனக்குக் கூச்சமில்லாமல் பேச வந்தது அதனிடம் மட்டும்தான். நாய் திரும்பக் கேள்வி கேட்பதில்லை.

மலைக் காற்றில் அந்த வில்லைகள் நிலைக்கவில்லை. ஆடி மாதச் சாரலில் உப்பு கசிந்து, முதல் வருட வில்லை கூழாகிவிட்டது. நர்சம்மா அதைத் தூக்கிப்போட மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடத்து வில்லையை நான் வாங்கிப்போய் எங்கள் வீட்டு ராகி அண்டாவுக்குள் புதைத்து வைத்தேன். தானியம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மார்கழியில் எடுத்தபோது வைத்தபடியே இருந்தது. பிறகு வருடா வருடம் அப்படித்தான். என் மனைவி மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பாள்: “உங்க நர்சம்மா புண்ணியத்துல நம்ம ஊட்டுல கூழுக்கு உப்பே போட வேண்டியதில்லீங்க.”

அண்டாவில் ஐந்து வில்லைகள் சேர்ந்திருந்தபோது நர்சம்மாவுக்கு ஓய்வு வந்தது. தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்தார். மணியை என்ன செய்வது என்று அந்த மாதத்தில் மூன்று முறை என்னிடம் கேட்டார். “அங்க வெயில் கொளுத்தும் தம்பி. இது மலையில வளர்ந்தது. நீங்க என்ன சொல்றீங்க?” எனக்குக் கொடுங்கள் என்பதுதான் என் பதில். மூன்று முறையும் தொண்டை வரை வந்தது. மூன்று முறையும் தலையைச் சொறிந்துகொண்டு, “நீங்களே பாத்துச் செய்யுங்கம்மா” என்றேன்.

“கேட்டா வாய் புண்ணாயிருமா?” என்றாள் என் மனைவி.

எங்கள் பக்கத்தில் நாயைச் சும்மா வாங்க மாட்டோம். சும்மா வந்த நாய் வீடு தங்காது என்பார் என் அப்பா. நாய் வேண்டியவர் தானியத்தைத் துணியில் கட்டிக்கொண்டு போய் நீட்டுவார். கொடுக்க மனமுள்ளவர் அதை வாங்கிக்கொள்வார், மனமில்லாதவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். இதில் பேச்சுக்கே இடமில்லை. என்னைப் போன்றவனுக்காகவே யாரோ ஏற்படுத்திய வழக்கம் என்று அன்று தோன்றியது.

நர்சம்மா கிளம்பும் நாளில், எங்கள் மலை அளவையில் ஒரு வள்ளம் ராகியை அளந்து வெள்ளைத் துணியில் கொட்டினேன். வில்லைகளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று அவற்றையும் ராகிக்குள்ளேயே வைத்துக் கட்டினேன். நான் செய்த தப்பு அதுதான்.

அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து வேன் வந்து நின்றது. மூட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன். நர்சம்மா வாங்கிக்கொண்டார். எங்கள் வழக்கப்படி மணி என்னுடையதாகிவிட்டது. அவர் முடிச்சை அவிழ்த்து உள்ளே கைவிட்டு ஒரு வில்லையைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியது.

“எவ்வளவு பத்திரமாக் கட்டிக் கொண்டாந்திருக்கீங்க தம்பி” என்றார். பிறகு வேன் கதவைத் திறந்து, “மணி, ஏறு” என்றார்.

மணி என்னைப் பார்த்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஏறிக்கொண்டது. வளைவுக்கு வளைவு வேனின் ஹாரன் சத்தம் கீழே போய்க்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

அதற்கு அப்புறம் நான் நாய் வளர்க்கவில்லை. காட்டுப்பன்றி வந்து மரவள்ளியைத் தோண்டிப் போடுகிறது. ஒரு குட்டி வாங்கி வாருங்கள் என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். எனக்கும் உடம்பு ஓய்ந்துவிட்டது. பள்ளத்திலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. உட்காரும் இடத்திலெல்லாம், கேட்டிருக்கலாம் என்ற அதே நினைப்பு. நினைத்து நினைத்து அதுவும் சலித்துவிட்டது.

போன மார்கழியில் நர்சம்மா போன் செய்தார்.

“தம்பி, மணி போன வாரம் போயிருச்சு.”

தொடர்ந்து அவரே பேசினார்.

“இங்க வந்த அன்னையிலேர்ந்து யாருக்கும் அது காலைக் குடுக்கல. வருஷா வருஷம் மாவைப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். மாவுதான் காஞ்சு போவும். உங்ககிட்டயே விட்டுட்டு வந்திருக்கணும். நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி.”

“கேட்டனுங்கம்மா.”

“எப்போ?”

“நீங்க கிளம்பினப்ப, ராகி கொண்டாந்து குடுத்தனுங்க.”

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அத்தனை வருடத்தில் அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

“வில்லை உடையாம இருக்கப் போட்டதுன்னுல்ல நெனச்சேன்” என்றார் நர்சம்மா. “அந்த ராகியக் கூழாக் காச்சி மணிக்குத்தான் ஊத்துனேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். “என் மணிக்கு ஒரு வள்ளந்தானா தம்பி? அவ்வளவு கொறைச்சலாவா வெலை போட்டீங்க?”

“அந்த வருசம் மழை இல்லீங்கம்மா” என்றேன். “எங்க ஊட்டுல இருந்ததே அவ்வளவுதானுங்க.”