இட்லித் தட்டும் கப்பல் சரக்கும்

நான் புனே பக்கம் தளேகாவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கெமிஸ்ட். குழாயிலும் டைல்ஸிலும் படிகிற வெள்ளைக் கறையை எடுக்கும் திரவம் செய்கிறோம். புனேயில் டேங்கர் தண்ணீர் வாங்குகிற குடியிருப்புகளில் அந்தக் கறை இல்லாத பாத்ரூமே கிடையாது, அதனால் நன்றாக விற்கிறது. பாட்டிலில் கொட்டை எழுத்தில் ‘மைல்டு’ என்று போட்டிருக்கும். அந்த ஒரு வார்த்தையால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

முதல்முறையாக ஒரு கன்டெய்னர் கப்பலில் வெளிநாடு போக இருந்தது. சரக்கு ஆபத்தானதா இல்லையா என்று எழுதி, யாராவது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அரிக்கிற பொருள் என்றால் கப்பல் விதிப்படி அது ஆபத்துச் சரக்கில் எட்டாம் வகுப்பு. முதலாளிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. என் கண் முன்னால் உள்ளங்கையில் திரவத்தை ஊற்றித் தேய்த்துவிட்டு, பார், ஏதாவது ஆச்சா என்று மராத்தியில் கேட்டார். தோலுக்கு ஒன்றும் ஆகாதுதான். கப்பலைத் தோலிலா செய்திருக்கிறார்கள்? இரும்பையோ அலுமினியத்தையோ வேகமாக அரித்தாலும் எட்டாம் வகுப்புதான் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். இரும்பில் சோதித்தாகிவிட்டது, தேறியும்விட்டது, அலுமினியம் எதற்கு என்றார். பாட்டில் பிளாஸ்டிக், பெட்டி அட்டை, நடுவில் அலுமினியம் எங்கே வந்தது என்று கேட்டார். பாட்டில் உடைந்தால் பக்கத்துச் சரக்கின் மேல்தானே ஒழுகும்? சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டவன் புனே போபோடியில் பிறந்து வளர்ந்த தமிழன். கைக்குழந்தைக்காரன். நாலு பேர் முன்னால் என்னை மேடம் என்பான், தனியாக இருந்தால் அக்கா. லேபிள் கோணலாக ஒட்டிய பாட்டில்களை ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்துப்போவது எங்கள் வழக்கம். அவன் மனைவி, இட்லித் தட்டின் வெள்ளைக் கறை போகட்டும் என்று ராத்திரி முழுக்க அதில் ஊறப் போட்டிருக்கிறாள். அலுமினியத் தட்டு. காலையில் பார்த்தால் கன்னங்கரேலென்று, அம்மைத் தழும்பு மாதிரி அரித்துக் கிடக்கிறது. பேப்பரில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தான்.

நான் அதை அப்படியே முதலாளியின் மேஜையில் வைத்தேன். பாவம், மனிதர் பதறித்தான் போனார். அலுமினியப் பாத்திரத்தில் பயன்படுத்தாதீர் என்று லேபிளில் உடனே சேர்க்கச் சொன்னார். அலுமினியச் சோதனைக்கும் ஒப்புக்கொண்டார். முடிவு வந்தது, எட்டாம் வகுப்பு, அதிலும் ஆகக் குறைந்த ஆபத்துள்ள பிரிவு. பெட்டியில் ஒரு குறி, கூடக் கொஞ்சம் காகிதம், இந்தக் கப்பலை விட்டு அடுத்த கப்பல், அவ்வளவுதான். ஆனால் குறியைப் பார்த்தால் வாங்குகிறவன் மிரண்டுவிடுவானாம். கப்பல் காகிதத்தில் மட்டும் ஆபத்தில்லாத சரக்கு என்று எழுதச் சொன்னார். அடுப்படிக்கு ஆபத்து, கப்பலுக்கு ஆபத்தில்லையாம்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முடியாது என்றேன்.

அவர் சண்டை போடவில்லை. அப்படியானால் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிறவனே போடட்டும் என்று சொல்லிவிட்டார். அவன் காகிதத்தோடு என் மேஜைக்கு வந்து நின்றான்.

“அக்கா, நான் போடவா?”

“போடாதே. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னத்தான் புடிப்பாங்க.”

அவன் உள்ளே போய் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான். வேறு ஆள் இல்லை. கன்டெய்னர் எட்டாம் வகுப்பாகவே அடுத்த கப்பலில் போனது. நான்தான் கையெழுத்துப் போட்டேன். வாங்கினவன் குறியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, மறுபடியும் ஆர்டர் கொடுத்தான். முதலாளி எல்லோருக்கும் பேடா கொடுத்தார்.

அந்த வாரமே காகிதம் பார்த்தவனுக்குச் சீட்டுக் கிழிந்தது. நான் கத்தினேன், ராஜினாமா செய்வேன் என்றேன். முதலாளி சிரித்துக்கொண்டே எனக்குச் சம்பளத்தை உயர்த்தினார். அன்று சாயங்காலம் அவனுக்குப் போன் செய்து, உன்னை மட்டும் ஏன் அனுப்பினார், என்னதான் சொன்னார் என்று கேட்டேன்.

“சோடோ அக்கா, விடுங்க,” என்றான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். “மேடம் கெமிஸ்ட், அவங்க மாட்டேன்னு சொல்லலாம், நீ யாருடா சொல்றதுக்குன்னு கேட்டாரு.”