பெயர் வெட்டிய அண்டா

துருவுக்கு ஒரு வாசனை உண்டு. மழை விட்ட பிற்பகலில் பீடோங் பழைய சாமான் கடையின் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தால் அது மூக்குக்கு முன்னால் நாக்கில் படும். கொஞ்சம் ரத்தம் மாதிரி, கொஞ்சம் ஈரச் செங்கல் மாதிரி. ஞாயிறு தவறாமல் நான் அங்கே போய்க்கொண்டிருந்தது அந்த வாசனைக்காகத்தான். வீட்டில் மட்டும் வேறு காரணம் சொல்லியிருந்தேன். தோட்டம் போடுகிறேன் என்று.

தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. எனக்குச் செடிகளைவிடச் செடிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் பொருள்கள்மீதுதான் மோகம். தையல் மிஷினின் இரும்புக் கால்கள்மேல் ஒரு பலகை. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டும் பீங்கான் மங்குகளில் பத்துமணிப் பூ. கதவில்லாத ஒரு கதவு நிலை. அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் மறுபடியும் அதே தோட்டம். யாரோ தொட்டுத் தொட்டுத் தேய்த்த பொருள்களுக்கு நடுவே நிற்கும்போது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் ஏதோ ஒன்று சற்று உட்காரும். பிறகு எழுந்துவிடும். எழுந்ததும் நான் மறுபடி கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

"இன்னொரு துருப்பிடிச்ச சாமான் உள்ள வந்துச்சு, நான் வெளிய போயிருவேன்," என்று அன்று காலையிலும் மனைவி சொன்னாள். "அப்புறம் என்னையும் அந்தக் கடையிலதான் போய்த் தேடணும். பார்த்துக்கோங்க."

அல்லிக்கொடி விட அகலமாக ஒரு பாத்திரம் வேண்டும் என்று கடைக்கார பாயிடம் சொல்லி வைத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த தேத்தாரே தேநீர்க் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார்.

"வாங்க வாங்க. உங்களுக்குன்னே பித்தளை வந்திருக்கு. அண்டா, குடம், தவலை, எல்லாம் ஒரே வீட்டு சாமான். ஆனா பேரு வெட்டினது."

"பேரு வெட்டினதா? யாரு பாய் அத விக்கிறாங்க?"

"அதான் நானும் கேட்டேன். நம்மாளுங்க இத வாங்கவும் மாட்டாங்க. இந்தக் காப்பிக் கடை வைக்கிற சின்னப் பசங்க இருக்காங்கள்ல, அவங்க அள்ளிட்டுப் போவாங்க. பேரு இருந்தா அவங்களுக்கு இன்னும் சந்தோஷம்லா. பழசாத் தெரியும்ல."

கொட்டகையின் பின்மூலையில், ஒரு கழன்ற சைக்கிள் சக்கரத்தின் நிழல் விழுந்த இடத்தில், அண்டா கவிழ்ந்து கிடந்தது. நல்ல கனம். நிமிர்த்தினேன். வாய்க்குக் கீழே கழுத்துப் பகுதியில் புள்ளி புள்ளியாக எழுத்துகள் ஓடின. வெளிச்சம் போதவில்லை. விரலால் தடவினேன்.

விரல்தான் முதலில் படித்தது. அக்காவின் பெயர்.

அதற்குப் பக்கத்தில் மாமாவின் பெயர். அதற்கும் பக்கத்தில் 'சீர்' என்ற சொல். எங்கள் அப்பா அக்காவின் கல்யாணத்துக்கு வாங்கி, ஆசாரியிடம் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரத்திலும் வெட்டச் சொன்ன அதே எழுத்துகள்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் வெட்டிய சீர்ப்பாத்திரத்தை நாங்கள் விற்பதில்லை. கஷ்டம் வந்தால் நகை போகும், ஓட்டுகிற காடி போகும், வீடுகூடப் போகும். பெயர் போட்ட பித்தளை போகாது. அந்தப் பெயருக்கு உரியவள் போன பிறகு மகளுக்குப் போகும். மகள் வேண்டாம் என்றால் உருக்கப் போகும். ஆகவே, பெயரோடு ஓர் அண்டா கடைக்கு வந்திருக்கிறது என்றால் அதற்கு இரண்டே அர்த்தம்தான். திருடு, அல்லது சாவு.

அக்காவிடம் பேசிச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

"பாய், இத யாரு கொண்டாந்தா?"

"ஒருத்தர் வேன்ல வந்தாரு. பெரிய மீசை. லோரி ஓட்டுற ஆளு மாதிரி உடம்பு. 'பேரு இருக்கிறது ஒண்ணு விடாம எடுத்துக்கோங்க, திரும்ப வீட்டுக்கு எதுவும் போகக்கூடாது'ன்னாரு. ஏன், என்னாச்சு? முகம் ஏன் இப்படிப் போகுது?"

கைப்பேசியில் அக்காவைக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை போன் அணைக்கப்பட்டிருந்தது. மணி அடித்த போன் அணைந்தால் அதை அணைத்த கை யாருடையது? பெரிய மீசை வைத்த கையா? கைக்கு ஏது மீசை? அப்போது அப்படித்தான் ஓடியது மனம், உறுப்புகளெல்லாம் இடம் மாறி.

அண்டாவைக் காடியின் பின்னிருக்கையில் ஏற்றினேன். பாய் ஏதோ விலை சொன்னார், ஏதோ கொடுத்தேன். மற்றப் பாத்திரங்களை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கத்திவிட்டுப் புறப்பட்டேன்.

பீடோங்கிலிருந்து அக்கா இருக்கும் பாடாங் மேஹா அவ்வளவு தூரமில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று சாலை ரப்பராக இழுபட்டது. செம்பனை வரிசைகள் வந்தன, போயின, மறுபடி அதே வரிசைகள் வந்தன. பின்னால் ஒவ்வொரு மேட்டுக்கும் அண்டா ஒரு முறை முனகியது. மாமா இறந்த நாளில்கூட இப்படி நடுங்கவில்லை. அவர் நோயில் கிடந்து, எல்லாரையும் பழக்கப்படுத்திவிட்டுப் போனவர். அக்கா அப்படியில்லை. எஸ்டேட் நாற்றுமேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சக்கரை இருந்தும் இனிப்பு சாப்பிடுகிறவள். அவளுக்கு எதுவும் ஆகாது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். கேட்காமலேயே.

அவளுடைய மலிவு விலை வீட்டின் வாசல் கேட் திறந்து கிடந்தது. உள்ளே பார்த்தேன். சுவரில் படங்கள் இருந்த இடங்களில் வெள்ளைச் சதுரங்கள். அலமாரி இல்லை. அந்தப் பெரிய மரக்கட்டில் இல்லை. சமையலறைத் தட்டுகளில் பித்தளை மின்னிக்கொண்டிருந்த வரிசை முழுவதும் வெறுமை. கூப்பிட வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

"யாருடா அது, திருடன் மாதிரி எட்டிப் பார்க்கிறது?"

பின்கட்டிலிருந்து அக்கா வந்தாள். ஈரக் கை. பச்சை நிறத்தில் பஞ்சாபி உடை. தலைக்குச் சாயம். நெற்றியில் சிவப்புப் பொட்டு.

மாமா போன பிறகு அவள் நெற்றியில் திருநீற்றைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. யாரும் வைக்காதே என்று சொல்லவில்லை. அவளாகத்தான் விட்டாள். இப்போது அவளாகத்தான் வைத்திருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதி வந்து உட்காரும் முன்பே அந்தப் பொட்டு வந்து உட்கார்ந்துவிட்டது.

"போன் ஏன் எடுக்கல?"

"சார்ஜ் செத்துப் போச்சு. ஏன் உனக்கு இப்படி வேர்க்குது? பொண்டாட்டி தொரத்திட்டாளா?"

"அண்டா, அக்கா. உன் சீர் அண்டா. பீடோங் கடையில கெடந்துச்சு. யாரோ திருடி..."

"யாரும் திருடல. நான்தான் குடுத்து விட்டேன்."

அவள் என் தோளுக்கு மேலாகக் காடியைப் பார்த்தாள். பின்கண்ணாடியில் பித்தளை தெரிந்தது. கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ கடவுளே! நான் இத தொலைச்சுத் தலைமுழுகினா, நீ திரும்ப ஏத்திக்கிட்டு வந்து நிக்கிறியே! கெடா மாநிலத்துல வேற ஆளே கிடைக்கலையா அதுக்கு?"

"அக்கா, என்ன நடக்குது இங்க?"

அவள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்து முடிந்த கையை மறுபடி துடைத்தாள்.

"வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம்."

வெளியே ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது. போய் வெகுநேரம் கழித்தும் அதன் சத்தம் என் காதில் இருந்தது.

"சிரிக்கிறதுன்னா சிரிச்சிரு," என்றாள். "இப்படி முழிக்காத, பயமா இருக்கு."

அவர் பண்டார் பாருவில் இருக்கிறாராம். கல்யாணத்துக்குப் பிறகு இவளும் அங்கேதான், கட்டிலும் அலமாரியும் முன்னாலேயே போய்விட்டன. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். மனைவி இறந்து வருஷக்கணக்காகிறதாம். கூலிமில் சக்கரைக்கு மருந்து எடுக்கப் போகும் இடத்தில் பழக்கம். நம்பர் கூப்பிடும் வரை பேசுவார்களாம். நம்பர் கூப்பிட்ட பிறகும் பேசியிருக்கிறார்கள். ஒரு தடவை இவள் நம்பர் தவறிப்போய், அவர்தான் கவுண்டரில் போய்ச் சண்டை போட்டாராம். அதைச் சொல்லும்போது என் அக்கா, அறுபதைத் தொடப்போகிறவள், பேரப்பிள்ளை எடுத்தவள், தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதுக்கு ஏன் பாத்திரத்த விக்கணும்?"

"வேற என்ன செய்யச் சொல்ற? அதுல உன் மாமா பேரு இருக்கு. அவரு பேரப் பார்த்துக்கிட்டே இவருக்குச் சுடுதண்ணி வைக்கச் சொல்றியா? ஆசாரிகிட்ட கேட்டேன், அழிக்க முடியுமான்னு. அழிச்சா ஓட்டை விழும்னுட்டான்." காலித் தட்டுகளைப் பார்த்தாள். "உன் மாமா மோசமானவரு இல்ல. எனக்கு அவரு மேல எந்தக் கோவமும் இல்ல. படத்தக்கூட பத்திரமா மூட்டையிலதான் வச்சிருக்கேன். ஆனா பேரு வேற, படம் வேறடா."

நான் அப்பாவை நினைத்தேன். ஆசாரிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி வெட்ட வைத்தவர். அந்த எழுத்துகள் அழியாது என்பதுதான் அவருக்குப் பெருமை. அழியாத ஒன்றுக்குள் தன் மகள் மாட்டிக்கொள்ளக்கூடும் என்று அவர் எப்படி நினைத்திருக்க முடியும்? நான் மட்டும் எப்போது நினைத்தேன்? ஊரார் வீட்டுப் பாத்திரங்களைத் தேடித் தேடி வாங்கி, அதில் பூ வைத்து, அழகு அழகு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"உன் மககிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'இந்த வயசுல உனக்கு வெக்கமா இல்லையாம்மா'ன்னா. போன வச்சிட்டா. அப்புறம் எடுக்கல." முதல் முறையாக அவள் குரல் தாழ்ந்தது. "உனக்குச் சொல்லாம இருந்தது அதனாலதான். நீயும் அதையே கேட்டேன்னா எனக்குன்னு நிக்க அந்தப் பக்கம் யாரும் இல்ல. கோயில்ல ஐயர் 'பொண்ணு வீட்டுக்காரங்க யாரு'ன்னு கேட்பாருல்ல? நானே கைய தூக்கவா?"

அவள் கேட்டது வேடிக்கையாகத்தான். ஆனால் கண் வேடிக்கை செய்யவில்லை. வெட்கமா இல்லையா என்ற அதே கேள்வி என் வாய்க்குள்ளும் இருந்தது. இருந்தது என்பதுதான் அன்றைய அதிர்ச்சிகளில் பெரிது. நான் எழுதுகிறவன், படித்தவன், பழையதைப் புதிதாகப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறவன். அந்தக் கேள்வி எனக்குள் எத்தனை வசதியாக உட்கார்ந்திருந்தது!

வேன் ஒன்று வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. பெரிய மீசை இறங்கியது. கையில் கடையில் தாப்பாவ் செய்து கட்டி வாங்கிய உணவுப் பைகள். என் காடியைப் பார்த்தார், பின்கண்ணாடியில் அண்டாவைப் பார்த்தார், பிறகு வாசலில் என்னைப் பார்த்தார். நடந்து வந்தவர் படிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"வணக்கம் சார்," என்றார்.

அவ்வளவுதான். உள்ளே வரவில்லை. அந்த வீட்டுக்குள் எத்தனையோ முறை வந்து போன மனிதர். கட்டிலைத் தூக்கியவர், பித்தளையை இறக்கியவர். இப்போது பெண்ணின் தம்பி வீட்டுக்குள் நிற்கிறான். தம்பி 'வாங்க' என்று சொல்லாமல் அவர் ஒரு படிகூட ஏற மாட்டார். எங்களில் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதற்காகப் பங்காளிகள் சாகும்வரை பேசாமல் இருந்திருக்கிறார்கள். அக்காவே அவரைக் கூப்பிட்டிருக்கலாம். அவளும் கூப்பிடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெயில் திரும்பி வந்திருந்தது. அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி மீசைக்குள் காணாமல் போனது. பைகளில் ஒன்றிலிருந்து குழம்பு கசிந்து அவர் விரல்வழியே ஓடியது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை அசைக்கவில்லை. ஒரு லோரியை ஆயுள் முழுவதும் ஓட்டிய கை.

"வாங்க," என்றேன். அது போதவில்லை என்று தோன்றியது. "வாங்க மாமா. ஏன் வெளியவே நிக்கிறீங்க?"

அந்தச் சொல்லைச் சொன்ன குரல் எனக்குப் புதியதாக இருந்தது. அக்கா சட்டென்று திரும்பிச் சமையலறைக்குள் போனாள். குழாயை முழு வேகத்தில் திறந்துவிடும் சத்தம் கேட்டது. கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

அவர் செருப்பைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டார். உள்ளே வந்ததும்தான் இருவரும் பார்த்தோம். அந்தக் கூடத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"உட்காருங்க மாமா."

"ஐயோ, நீங்க உட்காருங்க மச்சான்."

"பரவால்ல, நீங்க உட்காருங்க."

"நான் வேன்ல உட்கார்ந்துதானே வந்தேன்."

நான் காடியில் நின்றுகொண்டா வந்தேன் என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன். நாற்காலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக, குழாய்ச் சத்தம் நிற்கும்வரை, நின்றுகொண்டே இருந்தோம்.