வெளிக்கிட்டாச்சு

செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, ஒரு கை இயந்திரத்திலும் மறுகை தொலைபேசியிலுமாகக் கரையோரம் காத்திருந்த அந்தப் படகோட்டியை அன்று நான் கண்ணால் கண்டவனல்லன். பிற்பாடு அவர் வாயால் கேட்டதுதான். ஆயினும் நானாவை நினைக்கும் போதெல்லாம் முதலில் எழுந்து நிற்பது அந்தக் காட்சியே.

நானா, அதாவது அண்ணன் என்று நாங்கள் எல்லோரும் அழைத்த மூத்தவர், கிண்ணியாவிலிருந்து வருபவர். துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில், மீனவர் சங்கமொன்றின் மீட்புச் சேவைக்காகச் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றை அமைத்திருந்தோம். கடலில் எவரேனும் தத்தளித்தால் வீட்டார் அதற்குச் செய்தி அனுப்புவர்; அது படகுகளை அழைக்கும். எந்த வேளையில் எந்தக் கருவியை, அதாவது தனக்குள் இருக்கும் எந்தச் செயற்பாட்டை, எடுப்பது என்பதை, நாங்கள் எழுதிவைத்த விளக்கத்தை வாசித்தே அது தீர்மானிக்கும். கரையைக் காண அதற்குக் கண்ணில்லை, விளக்கமே கண். அதை எழுதியவர் நானா. மீட்புப் படகு ஆயத்தமானால் ஆபத்து நேர்ந்த இடத்தைப் படகோட்டிக்கு அனுப்பு என்று ஒரு கருவிக்கு எழுதினார். படகு வெளிக்கிட்டால் மற்றப் படகுகளை அழைப்பதை நிறுத்தி, படகு வருகிறது என்று வீட்டாருக்கு அறிவி என்று இன்னொன்றுக்கு எழுதினார்.

எங்கள் ஊரில் புறப்படுவதும் வெளிக்கிடுவதுதான். உடுத்தி ஆயத்தமாவதும் வெளிக்கிடுவதுதான். இதை நானாவைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. லிங்கநகரில் என் வீட்டில் நான் தாமதிக்கும் காலைகளில் தொலைபேசி அலறும்.

“தம்பி, எங்க நிக்கிறீங்க?”

“வெளிக்கிட்டாச்சு நானா!”

“றோட்டிலயா, கண்ணாடிக்கு முன்னாலயா?”

அலுவலகமே சிரிக்கும். அந்தச் சிரிப்பை அவர் எழுதிய வசனத்தோடு ஒருவரும் பொருத்திப் பார்க்கவில்லை.

வாடைக்காலத்தில் ஒரு மாலை, சல்லி என்ற கரையோரக் கிராமத்து மீனவர் ஒருவரின் படகு இயந்திரம் நின்று, நீர் ஏறத் தொடங்கியது. அவருடைய மனைவி முகவருக்குச் செய்தி அனுப்பினார். மீட்புப் படகோட்டி அங்கியை மாட்டிவிட்டு, “வெளிக்கிட்டாச்சு” என்று பதிலிட்டு, இடம் வரும் என்று காத்திருந்தார். முகவரோ படகு கடலில் இறங்கிவிட்டதாகக் கொண்டது. இடத்தை அனுப்பாமலே மற்றப் படகுகளை அழைப்பதை நிறுத்தியது. படகு வருகிறது என்று மனைவிக்கு அறிவித்தது. மறுநாள் கடல் அந்த மீனவரை உயிரின்றிக் கொண்டுவந்து போட்டது.

சங்க மண்டபத்தில் விசாரணை கூடியது. படகோட்டி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: “நான் வெளிக்கிட்டுத்தான் இருந்தனான். இடம் வரேல்ல.” மனைவி தலை நிமிராமல் பேசினார்: “பக்கத்துப் போட்டைக் கூப்பிடட்டோ எண்டு அவர் போனில கேட்டவர். வேண்டாம், படகு வருது எண்டு நான்தான் சொன்னனான்.”

அலுவலகத்தின் சார்பில் பேச எழுந்தவன் நான். எதிரணி எழும்ப இடம் வைக்காமல் பேசி முடிப்பதற்கே விவாத மேடைகளில் பெயர் பெற்றவன். வெளிக்கிடுதல் என்றால் புறப்படுதல், விளக்கத்தில் பிழையில்லை, புறப்படாமலே புறப்பட்டதாக அறிவித்த வாய்தான் பிழை என்று நிறுவினேன். இலக்கணப்படி அந்த வாதத்தை இன்றைக்கும் எவராலும் உடைக்க ஏலாது. படகோட்டி இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நானா எழுந்தார். “இருங்க நானா” என்று முதலாளி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்திழுத்தார். அவர் இருக்கவில்லை.

“தங்கச்சி, நீங்க பொய் சொல்லல்ல. அவரும் பொய் சொல்லல்ல. நான் எழுதின வசனம்தான் பிழை. இந்தத் தம்பிட்ட தினமும் பகிடியாக் கேட்ட கேள்விய அதில எழுதாம விட்டுட்டன்.”

அந்தப் பெண் அப்போதுதான் தலை நிமிர்த்தினார்.

“இதை இனி அவருக்கு ஆர் நானா சொல்லுறது?”



அந்த மாதமே நானா வேலையிலிருந்து நீக்கப்பட்டார். போகுமுன் விளக்கத்தைத் திருத்தினார்: படகு கரையை விட்டு நீங்கிய பின்னர் மட்டும் இதைப் பயன்படுத்து, வெளிக்கிட்டாச்சு என்று மட்டும் வந்தால், கரையிலா கடலிலா என்று முதலில் கேள். இப்போதெல்லாம் காலையில் நான் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் தொலைபேசி அலறுவதில்லை.

சென்ற வாரம் மறுபடியும் வாடை எழுந்து, இன்னொரு படகு கடலில் தத்தளித்தது. மீட்புக்கு அழைக்கப்பட்டவர் அதே படகோட்டி. அந்த அங்கியோடுதான் நின்றிருப்பார். “வெளிக்கிட்டாச்சு” என்று வந்தது. “கரையிலா, கடலிலா?” என்று முகவர் கேட்டது. திரையில் அவருடைய பதில் விழுந்தது:

“கரையில. அண்டைக்கும் கரையிலதான்.”

முகவர் இடத்தை அனுப்பியது.