மஞ்சள் நூல் கட்டிய பாட்டில்

அந்தப் பாட்டிலின் கழுத்தில் அம்மா ஒரு மஞ்சள் நூலைக் கட்டியிருந்தாள். என் கல்யாணத்துக்கென்று நைனா எடுத்துவைத்த பாட்டில் அது. மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நூல். மாடிப்படிக்கு அடியில், ஈரச் சாக்கு போர்த்திய மணல் தொட்டியில் பல வருஷம் அது நின்றது. அம்மா கழுத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் மஞ்சள் நூல் ஏறியது அதன் கழுத்தில் மட்டும்தான்.

நைனா பாண்டிச்சேரியில் ஒரு பீர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு செஞ்சிக்குத் திரும்பியவர். குடிகாரர் இல்லை, ஒரு டம்ளருக்கு மேல் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. தயார் செய்வதில்தான் பைத்தியம். முளைகட்டிக் காயவைத்த பார்லியில் பீர் போடுவார். சந்தை கலைகிற நேரத்தில் மலிவாகத் தள்ளிவிடும் புள்ளி விழுந்த ஆப்பிளில் சைடர் போடுவார். எங்களுக்கு அது ஆப்பிள் சரக்கு. வாசனை தெருவுக்குப் போனால், "அவருக்கு மூட்டுவலி கஷாயம்" என்று அம்மா கூசாமல் சொல்வாள். செஞ்சியில் பொழுது சாய்ந்தாலும் பாறைச் சூடு இறங்காது. அந்த மணலும் ஈரச் சாக்கும் அதற்குத்தான்.

சரக்கு ஊறுகிற கேனின் மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போகும். அதில் குமிழ் வருவது நிற்கும்வரை யாரையும் தொட விட மாட்டார். "இன்னும் அடங்கல" என்பார். அடங்கிய பிறகு பாட்டிலில் ஊற்றி, மூடி அடித்து, மறுபடியும் காத்திருக்க வேண்டும். பீருக்குச் சில வாரம் போதும். ரொம்ப நாள் வைத்தால் மணம் செத்து, அட்டையை நனைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ஆப்பிள் சரக்கு நேர்மாறு. புதிதில் பல் கூசும். ஒரு கோடையாவது தாண்டினால்தான் புளிப்பு மட்டுப்பட்டுப் பழ மணம் திரும்பி வரும். "ரெண்டயும் ஒரே மாதிரி வெக்கறவன் மடையன்" என்று அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

நான் தமிழ் டீச்சராகச் சேர்ந்த அவலூர்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். தன் அம்மாவை அழைத்துக்கொண்டு என்னைப் பெண் கேட்டு வந்தார். வேறு சாதி. அடுத்த வீட்டுப் பெரியப்பா தெருவில் நின்று கத்திய கத்தலில் ஊரே கூடிவிட்டது. நைனாவுக்கு வாத்தியாரைப் பிடித்திருந்தது, எனக்குத் தெரியும். கூடப் பிறந்த அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத்தான் வாய் வரவில்லை.

"அண்ணன் கோவம் கொஞ்சம் அடங்கட்டும் சார். நானே முன்ன நின்னு முடிச்சி வெக்கறேன்" என்று வாசலில் வைத்து வாத்தியாரிடம் சொன்னார். அந்த வாரமே அடிபடாத ஆப்பிளாகப் பார்த்து வாங்கி வந்தார். அதில் போட்டதுதான் நூல் கட்டிய பாட்டில்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் வாத்தியார் போன் செய்வார். பெரியப்பா பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்றார் நைனா. அப்புறம் பெரியப்பாவுக்கு ஆபரேஷன், இப்போது டென்ஷன் ஏற்றக் கூடாது என்றார். ஒரு பொங்கலுக்குப் போன் வரவில்லை. தெற்கே மாற்றல் வாங்கிப் போயிருந்தவருக்கு அங்கேயே கல்யாணம் ஆகிவிட்டது என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கும் மணி அடித்ததும் வகுப்புக்குப் போனேன். அதன்பின் வந்த வரன்களின் போட்டோவைக்கூட நான் பார்க்கவில்லை.

பெரியப்பா போன மாதம் செத்துப்போனார். ஏரிக்கரையில் அடக்கம் செய்தோம். அவர் கோபம் அன்றைக்குத்தான் அடங்கியது. காரியம் முடிந்த மறுநாள், நைனா அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். பிளேடால் நூலை அறுத்தார். மூடியைத் திறந்து, தலை நரைத்த எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார்.

குடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு ருசி.

"பாத்தியாம்மா? இத்தினி வருசம் வெச்சது வீண் போகல" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

"நான் பீரு நைனா" என்றேன். "என்னயும் ஆப்பிள் சரக்குன்னு நெனச்சி வெச்சிட்ட."

அவருக்குப் புரிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அறுந்து கிடந்த நூலை அம்மா பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன். அது கெட்டுப்போயிருந்தாலாவது, ஒருவேளை அவரை மன்னித்திருப்பேன்.