லாரியைத் திருப்பி அனுப்பியவர்கள்

நார்வேயின் பெர்கன் நகரத்தில் நான் குடியிருக்கும் தெரு ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. குளிர்காலத்தில் படிக்கட்டெல்லாம் பனி உறைந்து வழுக்கும். வந்த புதிதில் ஒருநாள், மேல்வீட்டு இங்ரிட் அம்மாள் இரண்டு கையிலும் பைகளோடு தடுமாறி ஏறுவதைப் பார்த்து, ஓடிப்போய் ஒரு பையை வாங்கினேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "நான் உதவி கேட்கவில்லையே" என்றார். நான் அரியலூர்ப் பக்கம் கீழப்பழுவூர்க்காரி. எங்கள் பக்கம் பஸ்ஸில் நிற்பவரின் பையைக் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வோம், பிள்ளையைக்கூட. முகம் தொங்கிப்போய் வீட்டுக்குள் போனேன். மறுநாள் பல்கலைக்கழகத்தில் என் பேராசிரியர் லார்ஸிடம் சொன்னபோது சிரித்தார். "இங்கே முதலில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அது அவருக்குத் தரும் மரியாதை" என்றார். நல்ல வழக்கம்தான் என்று நானும் பழகிக்கொண்டேன்.

என் பிழைப்பே உதவியைப் பற்றியதுதான். புயலோ வெள்ளமோ வந்தால் அரிசியும் மருந்தும் எந்தக் கிடங்கிலிருந்து எந்த வழியாக யார் கைக்குப் போகின்றன, உதவ வரும் அமைப்புகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்று ஆராய்வது. மனிதாபிமான விநியோகச் சங்கிலி என்று அதற்குப் பெரிய பெயர். ஊரில் கேட்டால், "நிவாரண லாரி ஏன் லேட்டா வருதுன்னு படிக்கிறேன்" என்பேன். "அதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா?" என்பார்கள். நியாயமான கேள்வி.

கொள்ளிடம் பெருகிய ஒரு வருடம், நானும் லார்ஸும் கள ஆய்வுக்காக ஊருக்குப் போயிருந்தோம். திருமானூருக்குப் பக்கத்தில் கரையோரத் தெரு ஒன்றில்தான் என் அக்கா மலர்க்கொடியைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. தெருவே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. மாடுகள் மேட்டில் தீனி இல்லாமல் நின்றன. வைக்கோலும் தார்ப்பாயும் வேண்டும் என்று பார்க்க வந்த எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. அப்போது வெளியூர்த் தொண்டு அமைப்பு ஒன்றின் லாரி வந்தது. உள்ளே பழைய துணி மூட்டைகளும் ரொட்டிப் பாக்கெட்டுகளும். ஒவ்வொருவராக வந்து, பேனருக்கு முன்னால் நின்று, போட்டோவுக்கு முகம் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். "எறக்கி வச்சிட்டுப் போங்க, நாங்களே பிரிச்சுக்கிறோம்" என்றாள் அக்கா. அப்படித் தர முடியாது என்றார்கள். அக்காவுக்கு வந்ததே கோபம்!

"யாரு கட்டி அவுத்த துணியோ, அதைப் புடிச்சுக்கிட்டு நான் பல்லைக் காட்டணுமா? மாடு பட்டினியா நிக்குதுங்க. வைக்கோல் இருந்தா எறக்குங்க, இல்லாட்டி வண்டியத் திருப்புங்க!"

தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். லாரி வந்த வழியே போய்விட்டது. "ஏன் சண்டை போடுகிறார்கள்?" என்று லார்ஸ் கேட்டார். "சண்டை இல்லை, வேண்டாம் என்கிறார்கள்" என்றேன். தலையாட்டினார். புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

பெர்கன் திரும்பி இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதும்போதுதான் தெரிந்தது, அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று. உதவி ஏன் போய்ச் சேரவில்லை என்பதற்கு அவர் எழுதியிருந்த காரணம்: ஒத்துழைக்காத மக்கள். அந்தக் கட்டுரை வெளிவந்தால் எனக்கு நிரந்தர வேலை கிடைக்கும் என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். அந்த வரியை எடுக்கச் சொன்னேன். எடுக்க மாட்டேன் என்றார்.

"இங்ரிட் அம்மாள் என்னிடம் பையைக் கொடுக்கவில்லை. அவர் ஒத்துழைக்காதவரா?" என்று கேட்டேன்.

"அது வேறு. இது பேரிடர்" என்றார்.

"வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை போய்விடுமா?"

"உன் அக்கா என்பதால் உணர்ச்சிவசப்படுகிறாய்" என்றார், ரொம்பவும் மென்மையாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆமாம், என் அக்காதான். அக்காவாக இல்லாவிட்டாலும் அது பொய்தானே?

அன்று அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அட, எழுதினா எழுதிட்டுப் போறாரு போடி. நாங்க என்ன அதைப் படிக்கவா போறோம்? உன் வேலையக் காப்பாத்திக்க" என்றாள். அவள் படிக்கப்போவதில்லை, உண்மை. ஆனால் அடுத்த லாரியை அனுப்புகிறவர்கள் படிப்பார்கள். கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். அந்த வரியோடே அது வெளிவந்தது. நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. வருடாவருடம் புதுப்பிக்கும் தற்காலிக வேலை எனக்கு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று இங்குள்ள நம்மவர்கள் புத்தி சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு பிழைப்பதென்றால் ஊரிலேயே இருந்திருப்பேனே, இந்தக் குளிருக்கு ஏன் வருகிறேன்?

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பெரம்பலூர், அரியலூர் இரண்டு பக்கத்துத் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து அரியலூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் வெள்ளக்கால உதவி பற்றிக் கூட்டம் நடத்தின. என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். ஊர்க்காரர்கள் கீழே, முன்வரிசையில் அக்கா. முதலில் பேசியவர் உற்சாகமாகச் சொன்னார்: "கரையோர சனங்க ஒத்துழைக்க மாட்டாங்கன்னு நான் சொல்லலைங்க, நார்வேல ஆராய்ச்சி பண்ணியே எழுதியிருக்காங்க. அந்த யுனிவர்சிட்டி மேடமே இங்க உக்காந்திருக்காங்க!"

கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து படியிறங்கி அவளிடம் போனேன்.

"நீயா எழுதின?"

"இல்லக்கா. அதுலேருந்து என் பேரை எடுத்துட்டேன்."

"பேரை எடுத்துட்டா ஆச்சா?" என்றாள்.

சுருக்கென்றது. எழுதினால் எழுதட்டும் என்றவளும் இவள்தான். இருந்தாலும் அவள் கேட்டது சரி. பேசியவரை நோக்கிக் கையை உயர்த்தி, "சார், ஒரு நிமிஷம். நீங்க சொன்னது தப்பு" என்றேன் சத்தமாக. மண்டபம் முழுக்கத் திரும்பியது.

"மேடம், மேல வந்து மைக்ல பேசுங்களேன்" என்றார் அவர் திகைத்துப்போய்.

"வேணாங்க, இங்கேருந்தே பேசுறேன்."

மேடையில், என் பெயரையும் நார்வே என்பதையும் எழுதிய அட்டைக்குப் பின்னால் நாற்காலி காலியாகக் கிடந்தது. கீழே அக்காவின் வரிசையில் எனக்கு இடமில்லை. நின்றுகொண்டே பேசினேன்.