நான் வசிக்காத முக்கால் ஏக்கர்

இங்கிலாந்தில் இத்தனை வருடம் இருந்தும் எனக்குப் பழகாத விஷயம் குளிரோ, உப்பு உறைப்பில்லாத சாப்பாடோ அல்ல. அரசாங்கம் என்னிடம் நலம் விசாரிப்பதுதான். அவ்வப்போது கைப்பேசியில் ஒரு செய்தி வந்து நிற்கும்: உங்கள் வாழ்க்கையில் ஏதாவது மாற்றம் உண்டா? வீடு மாறினீர்களா, யாராவது உங்களோடு குடிவந்தார்களா, வேலை கிடைத்ததா, யாராவது இறந்து உங்களுக்கு எதையாவது விட்டுச்சென்றார்களா? ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டையில், நான் பிறந்து வளர்ந்த இருபத்து நான்கு வருடத்தில், ஓட்டுக் கேட்டு வந்த ஜீப்பைத் தவிர வேறு யாரும் என் வாழ்க்கையைப் பற்றி இப்படி அக்கறையாகக் கேட்டதில்லை. அதனால் ஆரம்பத்தில் மனம் விட்டுப் பதில் எழுதினேன். ஒருமுறை, "மாற்றம் உண்டு. ஜன்னலோரத் தொட்டியில் மிளகாய்ச் செடி பூத்திருக்கிறது" என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "நன்றி. இது உங்கள் உதவித்தொகையைப் பாதிக்காது."

அந்த உதவித்தொகையைப் பற்றி ஊரில் யாருக்கும் நான் மூச்சு விட்டதில்லை. லெஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். படுத்தவர்களைத் தூக்குவது, திருப்புவது, குளிப்பாட்டுவது. ஒருநாள் ஒரு கனத்த மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்பும்போது இடுப்பில் ஏதோ பிடித்தது. பிடித்தது இன்னும் விடவில்லை. மூன்று வருடமாக வேலை இல்லை. வாடகையும் சாப்பாடும் அரசாங்கம் தரும் பணத்தில்தான் நடக்கின்றன. ஊரிலோ எனக்கு 'லண்டன் நர்ஸ்' என்று பெயர். லண்டனுக்கு நான் நாலைந்து முறைதான் போயிருக்கிறேன், நர்ஸும் இல்லை. திருத்தப்போனால் பெரிய கதையாகும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பட்டம் எனக்குப் பிடித்தும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

போன வருடம் அம்மா காலமானார். எண்பத்து மூன்று வயது. காலையில் ஜெபம் முடித்து, காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். எஸ்டேட் வேலையிலிருந்து நின்றபோது கைக்கு வந்த பணத்தில் அம்மா தன் பெயரில் ஒன்றரை ஏக்கர் வாங்கிப்போட்டிருந்தார். ஜீப் போகாத சரிவு. காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, நடுவே ஒரு பலாமரம். அப்பா முன்பே போய்விட்டார். பிள்ளைகள் நானும் சாமுவேல் அண்ணனும் மட்டும்தான். அண்ணன் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதம் கழித்து அவர்தான் கூப்பிட்டார்: "கண்ணு, மார்ச்சுல ஒருக்கா வந்துட்டுப் போ. பத்திரத்த முடிச்சுப் போடலாம். நொம்ப நாள் இழுக்க வேண்டாம்."

முடிப்பது என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் சொந்தத்தில் கூடப்பிறந்தவள் போடும் கையெழுத்து ஒரு திருவிழா. என் அத்தைகள் மூன்று பேரும் அப்படித்தான் ஒருவர் பின் ஒருவராக வந்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, தங்கள் பங்கை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். பட்டுச்சேலை, கறிச்சோறு, ஒரு மூட்டை காபிக்கொட்டை, கட்டிப்பிடித்து ஒரு அழுகை. கையெழுத்துப் போட்ட அத்தை அன்று முழுக்க மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பார். பங்கு கேட்ட பெண் ஒருத்தியும் சொந்தத்தில் உண்டு. அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நானும் என் முறைக்காக ஆசையோடு காத்திருந்தவள்தான். அந்த நிலத்தில் பாதி என்னுடையது என்ற எண்ணமே எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. வராததால், அரசாங்கம் கேட்டபோதும் சொல்லவில்லை.

லெஸ்டரில் எங்கள் தெரு நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் இலவசமாக ஆலோசனை சொல்ல பார்பரா என்ற ஒரு அம்மாள் உட்காருவார். ஒரு மாதத்துக்கு உட்பட்ட பயணத்தால் பணம் நிற்குமா என்று மட்டும் கேட்கத்தான் போனேன். போன இடத்தில் வாய் சும்மா இருக்குமா? அண்ணனுக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சட்டப்படி நிலம் யாருடையது?"

"சட்டப்படி என்று பார்த்தால், பாதி என்னுடையது."

"அதைக் கொடுத்துவிடப் போகிறீர்களா?"

"கொடுப்பதில்லை. அவர் என் அண்ணன்."

"அண்ணனுக்குக் கொடுத்தாலும் கொடுப்பதுதானே?"

"அண்ணனுக்குக் கொடுத்தால் எப்படிக் கொடுப்பதாகும்?"

ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். வாரிசாக வரும் சொத்து சிறியதாக இருந்தால் கவலையில்லை. ஒரு வரம்பைத் தாண்டினால் உதவி குறையும். இன்னொரு வரம்பைத் தாண்டினால் நின்றே போகும். அதற்குப் பயந்து சொத்தை யாருக்காவது எழுதிக்கொடுத்தால், அது இன்னும் நம் கையில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு உதவியைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். "எங்கள் வழக்கம் என்று நீங்கள் சொல்லலாம். அவர்கள் அதை நம்ப வேண்டுமே" என்றார். கையெழுத்துப் போட்டால் அங்கே நிலமும் இருக்காது, இங்கே தலைக்கு மேல் கூரையும் இருக்காது. போடாவிட்டால், அம்மா செத்த ஈரம் காயும் முன் பங்குக்கு வந்து நின்ற தங்கச்சி ஆவேன். பார்பரா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மா இறந்ததையும் நிலம் இருப்பதையும் அன்றே பதிவு செய்யவைத்தார். தாமதத்துக்குக் கொஞ்சம் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். மறுவாரம், சேர்த்து வைத்திருந்ததைத் துடைத்தெடுத்து டிக்கெட் வாங்கி விமானம் ஏறினேன்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் அண்ணன் ஜீப்போடு காத்திருந்தார். பத்து நாள் முன்னால் காபியைப் பூக்கவைக்கும் பூமழை பெய்திருந்தது. மஞ்சக்குட்டைப் பாதையில் திரும்பியதும், இரண்டு பக்கமும் காபிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து, அந்த வாசனை ஜீப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எத்தனை வருடமாயிற்று! அந்தப் பூ மூன்று நாலு நாளுக்கு மேல் நிற்காது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தவறவிட்டிருக்கிறேன். சந்தோஷத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கி, இடுப்பு வலியை மறந்து சரிவில் ஏறி நின்றேன். கீழே இருந்து அண்ணன், "ஏறுனது சரி கண்ணு, எப்பிடி எறங்குவ?" என்று கத்தினார். அவரும் டிரைவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இறக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் மேரி அண்ணி சேலத்திலிருந்து வாங்கிவந்த பட்டுச்சேலையை எடுத்துக் காட்டினார். கடுகு மஞ்சள், அரக்குக் கரை. மூன்று நாள் நான் விதவிதமாகச் சாப்பிட்டேன், சிரித்தேன், லண்டன் நர்ஸாக இருந்தேன். ஒவ்வொரு வேளையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அண்ணி இன்னொரு துண்டு கறியை இலையில் போடுவார். வாய் நிறையச் சோறு இருக்கும்போது உண்மையை எப்படிச் சொல்வது?

நாலாம் நாள் பத்திரம் எழுதுபவர் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் யாரையும் எதையும் கேட்காமலே விடுதலைப் பத்திரத்தைத் தயாராக அடித்து வைத்திருந்தார். அண்ணன் தங்கை என்றால் வேறு என்ன எழுதுவார்கள்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். 'எனது சகோதரர் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்ற வரி வந்தது. அந்த இடத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஏனென்றால் அது உண்மை.

"அண்ணா, நிறுத்தச் சொல்லுங்க. என்னால கையெழுத்துப் போட முடியாதுங்கண்ணா."

மின்விசிறிக் காற்றில் படபடத்த பத்திரத்தை எழுதுபவர் கையால் அமுக்கிப் பிடித்தார். அண்ணன் முகம் சுருங்கியதைப் பார்த்ததும், இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நான் நர்ஸ் இல்லை, இடுப்பு போய்விட்டது, மூன்று வருடமாக அரசாங்கம்தான் சோறு போடுகிறது, இதை எழுதிக்கொடுத்தால் அந்தச் சோறும் வாடகையும் போய்விடும். கடைசியில், "பங்கு கேட்டு வந்தவளுன்னு நெனச்சுராதீங்கண்ணா" என்றேன்.

அண்ணன் எதற்கோ தயாராகிறவர் போலச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "மூணு வருசமா? மூணு வருசமா இடுப்பு வலியோட இருந்துட்டு, போன்ல 'நல்லா இருக்கறேன், நல்லா இருக்கறேன்'னு சொன்னயா?"

அண்ணி அவரைப் பேசவிடவில்லை. "அதுக்கு எதுக்கு கண்ணு அழுவற? நானுந்தான் மாசாமாசம் கவுருமெண்டு குடுக்கற ஆயிரத்த வாங்கறேன். அந்த ஃபாரத்துலயும் எத்தன ஏக்கரு, என்ன வருமானம்னு கேட்டுத்தான் எழுதுனாங்க. நா என்ன வெக்கப்பட்டா வாங்கறேன்? மொத ஆளாப் போயி நின்னு வாங்கறேன்!"

நான் சிரித்துவிட்டேன். அழுதுகொண்டே சிரிப்பது அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். பத்திரக்காரர் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார்: "ஏனுங்க, இங்க கையெழுத்துப் போட்டா அந்த ஊர்க்காரங்களுக்கு எப்பிடிங்க தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமேங்க. அவங்க என்னையத்தானுங்க கேப்பாங்க" என்றேன்.

அண்ணன் மேசையிலிருந்த பத்திரத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பாகப்பிரிவினைனு எழுதுங்க. ஆளுக்கு முக்கால் ஏக்கரு. கெழக்கால பாதி தங்கச்சிக்கு." என்னிடம் குனிந்து, அவர் எப்போதும் பேசாத தணிந்த குரலில் சொன்னார்: "அம்மா போனதுமே உன்ற பங்கக் குடுத்தர்லாம்னுதான் நெனச்சேன் கண்ணு. லண்டன்ல இருக்கறவளுக்கு ஜீப்புப் போவாத காட்டக் குடுத்தா சிரிப்பாளோன்னு கேக்கல."

என் பொய் எங்கேயெல்லாம் போய் நின்றிருக்கிறது பாருங்கள்! அதைக் கேட்டபோது வெட்கமாகவும் இருந்தது, ஏற்காடு ஏரியைச் சுற்றி ஓட வேண்டும் போல சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் நிலம் அளப்பவர் வந்தார். அளவு முடியும்வரை சண்டைதான், ஆனால் அவர் பார்த்திராத மாதிரிச் சண்டை. பலாமரம் சரியாகக் கோட்டில் நின்றது. அது உனக்கு என்று அண்ணன் கயிற்றை அந்தப் பக்கம் தள்ளுவார். உங்களுக்குத்தான் என்று நான் இந்தப் பக்கம் இழுப்பேன். கடைசியில் அளப்பவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். "ஏனுங்க, ஊருல எல்லாரும் ஒரு அடி கூட வேணும்னு அடிச்சுக்குவாங்க. நீங்க வேண்டாம்னு அடிச்சுக்கறீங்க. எனக்கு மத்தியானச் சோறு ஆறுதுங்க!" மரம் என் பக்கமும், பழம் பறித்துச் சாப்பிடும் பொறுப்பு அண்ணன் பக்கமும் என்று முடிவானது. பத்திரம் பதிவான அன்று மாலை அண்ணி அந்தக் கடுகு மஞ்சள் சேலையை எனக்கு உடுத்திவிட்டார். விட்டுக்கொடுத்தால்தானே சேலை என்று நான் தயங்கினேன். "கையெழுத்துக்குத்தான் சேல. எந்தக் கையெழுத்தா இருந்தா என்ன, பேசாம நில்லு" என்று மடிப்பை எடுத்துச் செருகினார். பங்கு வாங்கிய பெண் பட்டுச்சேலையும் வாங்கியது எங்கள் சொந்தத்தில் அதுதான் முதல்முறை. யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. எல்லாரும் கத்திக்கொண்டுதான் சாப்பிட்டார்கள்.

வெளிநாட்டில் அரசாங்க உதவியில் வாழும் என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. ஊரில் பாசத்தோடு பேனாவை எடுக்கும் முன், இருக்கும் ஊரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு. உதவி வாங்குவதை வீட்டில் சொல்லியும் விடுங்கள். நான் பயந்ததெல்லாம் மின்விசிறி சுற்றிய அந்த ஒரு நிமிடத்தில் முடிந்துபோயிற்று.

லெஸ்டர் திரும்பிய மறுநாள், மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருக்க, கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நீங்கள் வசிக்கும் வீடு உங்களுடையதா? இல்லை. நீங்கள் வசிக்காத சொத்து ஏதாவது உங்களுக்கு உண்டா? உண்டு. கதவு எண் கேட்டது, தெருப் பெயர் கேட்டது. அந்தச் சரிவுக்கு இரண்டும் கிடையாது; மஞ்சக்குட்டை, பலாமரத்துக்குக் கிழக்கே என்று எழுதினேன். பத்திரத்தின் படத்தையும் மதிப்புச் சான்றையும் இணைத்தேன். கூடுதல் விவரம் இருந்தால் தெரிவிக்கவும் என்று அடியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. "காபி பூத்திருந்தது" என்று எழுதி அனுப்பினேன்.

சில நாள் கழித்துப் பதில் வந்தது: "நன்றி. இது உங்கள் உதவித்தொகையைப் பாதிக்கும்." நிற்கவில்லை, மாதாமாதம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஒரு அரசாங்கம் என்னைச் சொத்துக்காரி என்று ஒத்துக்கொண்டு எழுதிய முதல் கடிதம் அது. நூலகத்துக்குப் போய் பார்பராவிடம் காட்டி, அங்கேயே அச்சடித்து எடுத்துவந்தேன். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அதனால் மிளகாய்த் தொட்டிக்கு மேலே, டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன்.